தாழ்ந்த சூரியனுக்கு முன்னால் பறவை: சென்னையில் எங்கே நிற்பது, எவ்வளவு தள்ளி நிற்பது?

மடிப்பாக்கத்தான் | ஞாயிறு, இரவு 8.40

வணக்கம். சாயங்காலம் பள்ளிக்கரணையில் கூழைக்கடா, கொக்கு எல்லாம் கூட்டமாகத் திரும்பும்போது சூரியனுக்கு முன்னால் கறுப்பு உருவமாகப் படம் எடுக்க ஆசை. கையில் இருப்பது கிராப் சென்சார் (முழு அளவைவிடச் சின்ன சென்சார்) டிஎஸ்எல்ஆர், 150-600 மி.மீ. லென்ஸ். இணையத்தில் தேடினால் ஐஎஸ்ஓ இவ்வளவு, ஷட்டர் இவ்வளவு என்று ஒரே அட்டவணையை ஆளுக்கு ஆள் திருப்பிப் போடுகிறார்கள். சூரிய வட்டத்துக்குள்ளேயே முழுப் பறவையும் அடங்கிய படங்கள் வருகின்றனவே, அதற்கு 600 போதுமா, இல்லை இன்னும் பெரியது வேண்டுமா? நம் ஊரில் இதற்குத் தோதான இடம் எது, எந்த மாதம்? அப்புறம், சூரியனை நேராக லென்ஸில் பார்த்தால் கேமராவுக்கு ஏதாவது ஆகுமா?

பழைய லென்ஸ் | ஞாயிறு, இரவு 9.15

கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன், தம்பி. கேமரா அப்புறம், முதலில் கண். டிஎஸ்எல்ஆர் வியூஃபைண்டரில் நீங்கள் பார்ப்பது லென்ஸ் வழியாக வரும் அதே வெளிச்சம். உள்ளே இருக்கும் கண்ணாடி அதை மேலே திருப்பிவிடுகிறது, அவ்வளவுதான். அந்தப் பெரிய லென்ஸ் திரட்டும் வெயில் உங்கள் விழித்திரையில் விழும். விழித்திரைக்கு வலி தெரியாது, அதனால் சுட்டதும் உடனே தெரியாது. லைவ் வியூ போட்டுப் பின்திரையில் மட்டும் பாருங்கள். என்டி ஃபில்டர் மாட்டினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். படம் எடுப்பதற்கான என்டி ஃபில்டர் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைக் குறைக்கும், அகச்சிவப்பைத் தடுக்கும் என்று உத்தரவாதம் கிடையாது.

மிரர்லெஸ் வைத்திருப்பவர்களுக்குக் கண் தப்பும். ஆனால் சென்சார், ஷட்டர் திரை, அபெர்ச்சர் இதழ்கள் எல்லாம் வெயிலை நேராக வாங்கும். ட்ரைபாடில் சூரியனைப் பார்த்தபடி நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போக வேண்டாம். இடையில் மூடி போடுங்கள்.

எப்போது அந்தப் பக்கம் திருப்பலாம்? தொடுவானத்தில் இருக்கும் சூரியனின் ஒளி, உச்சியில் இருக்கும்போது கடப்பதைப்போல் கிட்டத்தட்ட 38 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. 10 டிகிரி உயரத்தில் அதுவே ஐந்தரை மடங்கு வாக்கில்தான். அதாவது வெயிலின் வீரியம் கடைசி சில டிகிரியில்தான் மளமளவென்று இறங்கும். வட்டம் நன்றாக ஆரஞ்சாகி, அந்தத் திசையில் முகம் திருப்பினால் கண் கூசாத நிலை வரும்வரை லென்ஸ் வேறு பக்கம் பார்க்கட்டும்.

கணக்கு வாத்தியார் | ஞாயிறு, இரவு 10.02

லென்ஸ் வாங்கும் யோசனையை விடுங்கள். இது தூரக் கணக்கு.

சூரியன் வானத்தில் பிடிக்கும் அகலம் அரை டிகிரிக்கு ஒரு துளி அதிகம். ஒரு பொருள் அந்த அரை டிகிரிக்குள் அடங்க வேண்டுமென்றால், தன் அகலத்தைப்போல் சுமார் 108 மடங்கு தூரத்தில் அது இருக்க வேண்டும். கூழைக்கடாவின் விரித்த இறக்கை இரண்டேகால் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அது உங்களிடமிருந்து 240 மீட்டருக்கு அப்பால் பறந்தால்தான் வட்டத்துக்குள் முழுசாக நிற்கும். பருந்துக்கு ஒன்றரை மீட்டர், அதனால் 160 மீட்டர். சின்னக் கொக்கு ஒரு மீட்டர், ஆக 108 மீட்டர். காக்கைக்கு 80 போதும்.

இதில் லென்ஸுக்கு வேலையே இல்லை என்பதைக் கவனியுங்கள். பறவை 50 மீட்டரில் இருந்தால் வட்டத்தைவிடப் பெரிதாகத்தான் தெரியும். அதற்காக 600-ஐ 300 ஆக்கினால் இரண்டும் சேர்ந்தே பாதியாகும், விகிதம் மாறாது. நீங்கள்தான் பின்னால் நடக்க வேண்டும்.

லென்ஸ் செய்வது பெரிதாக்குவது மட்டும். சென்சாரில் சூரியனின் விட்டம் எவ்வளவு என்று தெரிய, ஃபோக்கல் லென்த்தை, அதாவது லென்ஸில் எழுதியிருக்கும் மி.மீ. எண்ணை, அதே 108 ஆல் வகுத்தால் போதும். 600-க்கு ஐந்தரை மி.மீ. உங்கள் கிராப் சென்சாரின் உயரம் சுமார் 15 மி.மீ. ஆகவே வட்டம் படத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரும். தாராளம்.

போன்காரன் | ஞாயிறு, இரவு 10.20

சார், அப்படியென்றால் என் போனில் சூரியன் எவ்வளவு வரும்? 😀

கணக்கு வாத்தியார் | ஞாயிறு, இரவு 10.31

சாதாரண கேமராவில் குன்றிமணி அளவுகூட வராது. நீங்கள் வட்டத்தைக் குறிவைக்காதீர்கள், வானத்தின் நிறத்தைக் குறிவையுங்கள். கிட்டே கம்பியில் உட்கார்ந்த கரிச்சான், மின்விளக்குக் கம்பத்தில் நீர்க்காகம், இந்த மாதிரி. பிரகாசமான வானத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் வெளிச்சக் கோட்டைக் கீழே இழுத்துப் பூட்டிவிடுங்கள். பறவை தானாகக் கறுப்பாகிவிடும். பைனாகுலரின் கண்பக்கத்தில் போனை வைத்து எடுக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. சூரியன் இருக்கும் திசையில் அந்த வேலை கூடவே கூடாது. பறவையைத் தேடும் சாக்கில் ஒருதரம் கண்ணை வைத்துப் பார்த்துவிடுவீர்கள்.

கரிச்சான் | திங்கள், காலை 6.50

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். பறவை பார்க்கிற குழுவில் இதற்கு ஏன் இத்தனை ஆர்வம் என்று எனக்கு விளங்கவில்லை. இறகின் நிறம் இல்லை, கண் வளையம் இல்லை, வயது தெரியாது, ஆண் பெண் தெரியாது. மிஞ்சுவது ஆரஞ்சுத் தாளில் வெட்டி ஒட்டிய கறுப்புத் தாள். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கு இதை யாராவது ஆதாரமாக அனுப்பினால் நான் சிரிப்பேன். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது சும்மா இல்லை.

ஊரூர் அலை | திங்கள், காலை 7.35

உங்கள் பெயரே கறுப்புப் பறவை. வால் நுனியின் பிளவைப் பார்த்துத்தான் உங்களையே அடையாளம் சொல்கிறோம்!

விளையாட்டு ஒருபுறம். நான் முகத்துவாரத்தில் நின்று பார்ப்பதில் பாதி நேரம் எதிர் வெயில்தான். நிறம் போய்விட்டால் உருவம்தான் பேசும், அதுவும் நன்றாகவே பேசும். கொக்கும் நாரை வகையில் சாம்பல் நாரையும் பறக்கும்போது கழுத்தை மடித்துத் தோளுக்குள் இழுத்துக்கொள்ளும். சங்குவளை நாரை, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அன்றில், பூநாரை எல்லாம் கழுத்தை நீட்டிப் பறக்கும். நீட்டியவற்றில் அன்றிலுக்கு அலகு கீழ்நோக்கி வளையும். பூநாரைக்குக் கழுத்தும் காலும் சமமாக நீண்டு, நடுவில் இறக்கை செருகியதுபோல் இருக்கும். கூழைக்கடாவின் தலை பின்னால் சாய்ந்து, அலகு மார்பில் படிந்திருக்கும். நீர்க்காகம் நீட்டிய கழுத்தோடு அவசரமாக இறக்கை அடிக்கும். பாம்புத்தாராவுக்கு வால் நீளம், கழுத்தில் ஒரு முடிச்சு விழுந்தமாதிரி வளைவு. மீன் சந்தைக்கு மேலே சுற்றும் கரும்பருந்துக்கு வால் நடுவில் உள்வாங்கியிருக்கும், செம்பருந்துக்கு வால் உருண்டை.

ஆக இது கறுப்புத் தாள் இல்லை, அண்ணா. ஆனால் ஒன்று ஒத்துக்கொள்கிறேன். சேற்றில் மேயும் உள்ளான் வகைகளில் இந்த வித்தை பாதிக்கு மேல் செல்லாது.

கரிச்சான் | திங்கள், காலை 8.05

பருந்து வால் சரி. உள்ளானை நீங்களே விட்டுவிட்டீர்கள், அதுவும் சரி. மீதி என் கருத்து அப்படியே இருக்கிறது.

பழைய லென்ஸ் | திங்கள், காலை 9.20

நிறம் இல்லாவிட்டால் பறவையே இல்லை என்பதை ஏற்க மாட்டேன். மயிலாப்பூரில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் (1912–1996) கலர் ஃபிலிம் தாராளமாகக் கிடைத்த காலத்திலும் கறுப்பு வெள்ளையில்தான் காட்டுயிர்களைப் படமெடுத்தார். கேமராவையும் பல பாகங்களைச் சேர்த்துத் தானே கட்டிக்கொண்டார். அவருக்கு முக்கியம் உருவமும் நிற்கும் தோரணையும்.

கரிச்சான் | திங்கள், காலை 9.41

அவர் படத்தில் யானைத் தோலின் சுருக்கத்தை எண்ணலாம், சார். கறுப்பு வெள்ளை வேறு, வெறும் கறுப்பு வேறு.

பழைய லென்ஸ் | திங்கள், காலை 9.50

இதற்குப் பதில் இல்லை. நல்ல அடி.

மடிப்பாக்கத்தான் | திங்கள், மதியம் 1.10

சண்டை சுவாரசியமாக இருக்கிறது, ஆனாலும் இடம் பற்றி யாரும் சொல்லவில்லையே?

ஊரூர் அலை | திங்கள், மதியம் 2.30

சென்னைக்குக் கடல் கிழக்கே. அதனால் தண்ணீர்மேல் சூரியன் உதிக்கும், கட்டடங்களுக்குப் பின்னால் மறையும். காலையில் மெரினா, பெசன்ட் நகர், காசிமேடு எங்கும் திறந்த கிழக்கு கிடைக்கும். பறவைக்குக் காசிமேடுதான். படகு கரை சேரும் நேரத்தில் பருந்தும், குளிர்காலமென்றால் கடற்காகமும் சுற்றும். வேலை நடக்கிற இடம், குறுக்கே நிற்காமல், கேட்டுக்கொண்டு எடுங்கள். கடல் விளிம்பில் அநேகமாக ஒரு மந்தாரப் பட்டை இருக்கும். பஞ்சாங்க நேரத்துக்குச் சூரியன் தெரியாது, கொஞ்சம் பொறுத்து அந்தப் பட்டைக்கு மேலே செக்கச்செவேலென்று தலை நீட்டும். அதுதான் உங்களுக்கு வேண்டிய வெளிச்சம்.

சாயங்காலத்துக்கு மேற்கே தண்ணீர் விரிந்த இடம் வேண்டும். அடையாறு முகத்துவாரத்தில் கடல் பக்கத்திலிருந்து மேற்கே பார்த்தால் ஆறு அகலமாகக் கிடக்கும். டிசம்பரில் சூரியன் தெற்கே ஒதுங்கி, தியசாபிகல் சொசைட்டி மரங்களின் பக்கம் இறங்கும். மரவிளிம்பும் சேர்ந்து கறுப்பாக வருவது எனக்குப் பிடிக்கும். ஜூனில் அதுவே வடக்கே நகர்ந்து ஆர்.ஏ. புரம் பக்கத்துக் கட்டடங்களுக்குப் பின்னால் போய்விடும், படத்தில் குடிநீர்த் தொட்டியும் டவரும்தான் மிஞ்சும். முகத்துவாரத்தில் இருக்கும் உடைந்த பாலத்தின்மேல் ஏறாதீர்கள். இருட்டும் நேரத்தில் அங்கே கைப்பிடியும் இல்லை, துணைக்கு ஆளும் இல்லை.

கணக்கு வாத்தியார் | திங்கள், மாலை 4.15

அக்கா சொன்ன நகர்வுக்கு அளவு சொல்கிறேன். நம் ஊர் அட்சரேகை 13 டிகிரி. இங்கே சூரியன் உதிக்கும், மறையும் இடங்கள் நேர் கிழக்கு மேற்கிலிருந்து டிசம்பரில் சுமார் 24 டிகிரி தெற்கேயும், ஜூனில் அதே அளவு வடக்கேயும் போகும். ஆக மொத்தம் ஆண்டுக்கு 48 டிகிரி அலைச்சல். 600 லென்ஸின் பார்வை அகலமே கிராப் சென்சாரில் இரண்டேகால் டிகிரிதான். ஒரு மாதம் முன்னால் பார்த்துவைத்த மரம் இந்த மாதம் உதவாது.

பள்ளிக்கரணைக்கு இதைப் பொருத்துங்கள். துரைப்பாக்கம் ரேடியல் சாலை சதுப்பைக் கிட்டத்தட்டக் கிழக்கு மேற்காக வெட்டிப் போகிறது. இரண்டு பக்கமும் தண்ணீர். இப்போது டிசம்பர் என்பதால் சூரியன் சாலைக்குத் தெற்கே விழும், தெற்குப் பக்கத்துத் தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும். மே, ஜூனில் வடக்குப் பக்கம். பலர் பழக்கத்தில் எப்போதும் ஒரே பக்கம் நின்றுவிட்டு, பள்ளிக்கரணையில் எதிர் வெயில் சரியில்லை என்கிறார்கள்.

இன்னொன்று. நம் ஊரில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்கும், வலப்பக்கம் 13 டிகிரி சாய்வு மட்டும். தன் விட்டத்தைக் கடக்க இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகம் எடுக்கும். 10 டிகிரி உயரத்திலிருந்து தொடுவானத்துக்கு வர முக்கால் மணி நேர வாக்கில் முடிந்துவிடும். அதிலும் பழைய லென்ஸ் சார் சொன்ன பாதுகாப்பான பகுதி கடைசிக் கால் மணி நேரம்தான். வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் 'பொன்னான ஒரு மணி நேரம்' எல்லாம் அவர்கள் ஊருக்கு.

செங்குன்றம் கரை | திங்கள், இரவு 9.05

வடசென்னைக்காரனுக்கும் ஒரு வார்த்தை. நம் பக்கத்து நிலம் மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. ஏரிக்கரை எப்போதும் பள்ளமான பக்கத்தில்தான் போடுவார்கள். ஆகையால் செங்குன்றம், செம்பரம்பாக்கம் மாதிரி ஏரிகளில் கரை பெரும்பாலும் கிழக்கே அமைந்திருக்கும். கரையில் நின்றால் முன்னால் தண்ணீர், அதற்கு அப்பால் மேற்கு. அந்திச் சூரியனுக்கென்றே கட்டிக் கொடுத்தமாதிரி! அதுவும் உயரத்தில் நிற்கிறோம், தண்ணீரைக் கடந்து வரும் நீர்க்காகக் கூட்டம் நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளியே தெரியும். வாத்தியார் கேட்கும் தூரம் தானாகவே கிடைத்துவிடுகிறது.

குடிநீர் ஏரிகளில் கரைமேல் விடுவதில்லை, காவலர் திருப்பி அனுப்புவார். சாலையிலிருந்து தெரியும் சின்ன ஊர் ஏரிகளைத் தேடுங்கள். அங்கே கேள்வி கேட்பது மாடு மேய்ப்பவர்தான், அவருக்கும் எந்தப் பறவை எந்த நேரத்தில் போகும் என்று நம்மைவிட நன்றாகத் தெரியும்.

போன்காரன் | செவ்வாய், காலை 11.00

வாட்ஸப்பில் ஒரு படம் சுற்றுகிறது. கம்பியில் ஒரு சிட்டுக்குருவி, பின்னால் படத்தையே நிரப்புகிற சூரியன், தண்ணீர் விளிம்பைத் தொட்டுக்கொண்டு. இறகு இறகாகத் தெரியும் கூர்மை. வாத்தியார் சார், இதற்கு எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும்?

கணக்கு வாத்தியார் | செவ்வாய், மதியம் 12.40

நிற்க வேண்டியதில்லை, உட்கார்ந்தே செய்யலாம், கம்ப்யூட்டர் முன்னால்.

ஆதாரமில்லாமல் சொல்லக் கூடாது, அதனால் விளக்குகிறேன். பறவையில் ஃபோகஸ் வைத்தால் சூரியனின் விளிம்பு எவ்வளவு கலங்கும் என்று கணக்கிடலாம். ஃபோக்கல் லென்த்தின் வர்க்கத்தை, எஃப் எண்ணையும் (அபெர்ச்சர் அளவு) பறவையின் தூரத்தையும் பெருக்கி வகுக்க வேண்டும். 400 மி.மீ., எஃப் 8 என்று வையுங்கள். குருவி இறக்கை விரித்தாலும் 22 செ.மீ.தான், வட்டத்துக்குள் அடக்க 24 மீட்டர் போதும். அந்தத் தூரத்தில் சூரியனின் கலங்கல் 0.83 மி.மீ. வரும். சூரியனின் விட்டமே 3.7 மி.மீ. விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விளிம்பு கரைந்து நிற்க வேண்டும். இந்தப் படத்தில் குருவியும் கூர்மை, சூரியனும் காம்பஸ் வைத்து வரைந்தமாதிரி கூர்மை. குருவியைத் தின்னும் அளவுக்குச் சூரியன் பெரிதாக இருக்க அது இன்னும் தள்ளி இருக்க வேண்டும் என்று வாதாடலாம். அப்படியானால் இறகு எண்ண முடியாது.

இரண்டாவது, தொடுவானத்தைத் தொடும் சூரியன் முழு வட்டமாக இருக்காது. கீழ்விளிம்பின் ஒளி மேல்விளிம்பைவிட அதிகம் வளைந்து வருவதால் உயரம் அகலத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு வரை குறைந்து தெரியும். நசுங்கிய சூரியன் நிஜம். தண்ணீரைத் தொட்டபடி முழு வட்டம் என்றால் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது.

இதே கணக்கைக் கூழைக்கடாவுக்குப் போட்டுப் பாருங்கள். 250 மீட்டர், மற்றதெல்லாம் அதே. கலங்கல் 0.08 மி.மீ.தான். விட்டத்தில் நூற்றுக்கு இரண்டு. பறவையும் கூர்மை, சூரியனும் கிட்டத்தட்டக் கூர்மை. பெரிய பறவையைத் தூரத்தில் எடுப்பதில்தான் இந்த வகைப் படத்தின் முழு லாபமும் இருக்கிறது. சின்னப் பறவை வேண்டுமென்றால் விளிம்பு கரைந்த சூரியனோடு சமாதானமாகப் போங்கள். அதுவும் அழகுதான், எனக்கென்னவோ அதுதான் அதிகம் பிடிக்கும்.

மடிப்பாக்கத்தான் | செவ்வாய், மாலை 5.30

தெளிவாகிவிட்டது, சார். அட்டவணை கேட்கக் கூடாது என்று இருந்தேன், ஆனாலும் எக்ஸ்போஷர் எங்கிருந்து தொடங்குவது?

பழைய லென்ஸ் | செவ்வாய், இரவு 8.15

எண்ணைவிட எதை அளக்கிறீர்கள் என்பது முக்கியம். சூரியனை அளந்தால் வானமும் இருண்டுவிடும். மொத்தப் படத்தையும் அளந்தால் வட்டம் வெள்ளை ஓட்டையாகும். மேனுவலில் போட்டு, சூரியனுக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் பளிச்சென்ற வானத்தை ஸ்பாட் மீட்டரில் அளந்து, அங்கிருந்து ஒன்று, ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதி) குறையுங்கள். ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டுத் திருத்துங்கள். சில நிமிடத்துக்கு ஒருமுறை மீண்டும். வெளிச்சம் அவ்வளவு வேகமாக இறங்கும்.

எல்லோருக்கும் தப்பும் இடம் சிவப்பு. அந்தி வெளிச்சத்தில் நீலம் அரைகுறை, பச்சை நடுத்தரம், சிவப்பு மட்டும் உச்சியில் நிற்கும். பொதுவான ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) நன்றாக இருக்கிறது என்று சொல்லும், ஆனால் சிவப்பு முட்டிக்கொண்டு, வட்டம் சதைப்பற்றில்லாத ஒரே மஞ்சளாக வரும். மூன்று நிறத்தையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்துவையுங்கள். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் கேமரா ஆரஞ்சைக் 'குணப்படுத்த' முயலும். டேலைட்டில் நிறுத்துங்கள், ரா ஃபைலில் எடுங்கள்.

ஷட்டர் 1/1000-க்குக் கீழே வேண்டாம், 1/2000 இருந்தால் நல்லது. கறுப்பு உருவத்தில் இறக்கை நுனி அசைந்தால் மறைக்க நிறமோ வரியோ கிடையாது. எஃப் 8 அல்லது 11. ஃபோகஸுக்கு, சூரியனை நோக்கிப் பறக்கும் முன்பே பறவையைப் பிடித்துவிடுங்கள். வட்டத்துக்குள் வந்தபிறகு ஆட்டோஃபோகஸ் விளிம்பைப் பிடித்துத் தொங்கும்.

கணக்கு வாத்தியார் | செவ்வாய், இரவு 8.40

கூடவே ஒன்று. மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் கூழைக்கடா 250 மீட்டர் தூரத்தில் சூரியனைத் தொட்டு முழுதாக வெளியேறக் கால் நொடியிலிருந்து அரை நொடிக்குள்தான் ஆகும். துரத்திப் பிடிப்பது நடக்காது. முந்தின நாளே எந்தப் பாதையில் திரும்புகின்றன என்று பார்த்துவைத்து, அந்தக் கோடும் சூரியனும் வெட்டும் இடத்துக்கு நீங்கள் நகர வேண்டும். கூட்டமாக வரிசையில் வரும் நீர்க்காகமும் அன்றிலும் இதில் இரக்கமுள்ளவை. முதல் பறவை தவறினால் ஏழாவது மாட்டும்.

புதுமுகம் | புதன், காலை 10.10

கூட்டம் உட்கார்ந்தே இருந்தால்? கை தட்டினாலோ, தண்ணீரில் ஒரு கல் போட்டாலோ எழும்புமே?

நிர்வாகி | புதன், காலை 10.25

வேண்டாம். பள்ளிக்கரணை 2022 முதல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் உள்ள சதுப்பு, அங்கே இரை தேடும் பறவையைக் கிளப்புவது சட்டப்படியும் தொல்லை, பறவைக்கும் தொல்லை. அப்படி எடுத்ததாகத் தெரியும் படங்கள் இங்கே நீக்கப்படும்.

கரிச்சான் | புதன், காலை 10.40

நிர்வாகி சொன்னதுக்கு மேல் ஒரு தகவல். கிளப்பிய கூட்டம் படத்திலேயே தெரியும். தானாகத் திரும்பும் பறவைகள் வரிசையாக, ஒரே திசையில், காலை ஒடுக்கிப் போகும். பயந்து எழும்பியவை நாலு திசைக்கும் சிதறி, கால் தொங்க, ஒன்றன்மேல் ஒன்று மறைத்து, கறுப்புக் குவியலாக வரும். உருவம்தான் பேசும் என்றீர்களே, அப்போது படமும் கெட்டுப்போகிறது.

ஊரூர் அலை | புதன், காலை 11.15

அண்ணா வழிக்கு வருகிறார். 😀 உண்மையில் பிரிந்து தெரிவதுதான் எல்லாமே. உட்கார்ந்த பறவையானால் பக்கவாட்டுத் தோற்றம், அலகு உடம்பைவிட்டு வெளியே. பறப்பதானால் இறக்கை முழுதாக மேலே அல்லது முழுதாகக் கீழே. சமமாக விரிந்த நொடியில் பக்கத்திலிருந்து பார்த்தால் கோடுதான் மிஞ்சும்.

அப்புறம் போன வாரம் ஒருவர் 'அந்தியில் பறவைக் கூட்டம்' என்று போட்டது பழந்தின்னி வௌவால். நகரத்துக்கு மேலே அவையும் அதே நேரத்தில்தான் கிளம்புகின்றன. பறக்கும் விதம் துடுப்புப் போடுகிற மாதிரி இருக்கும், வால் இருக்காது.

மடிப்பாக்கத்தான் | புதன், இரவு 9.00

போகி அன்று காலை புகையில் சூரியன் சிவப்புப் பந்தாக இருக்குமே, அன்றைக்குப் போகலாமா என்று ஒரு யோசனை. அதற்கு முன் இந்தச் சனிக்கிழமை முட்டுக்காடு. காலையா, மாலையா?

ஊரூர் அலை | புதன், இரவு 9.30

போகியை நம்ப வேண்டாம். 2018-இல் விமானங்களே திருப்பிவிடப்படும் அளவுக்குப் புகை, சூரியன் வெகுநேரம் கண்ணிலேயே படவில்லை. மூச்சுக்கும் கெடுதல். புகை இல்லாத சாதாரண ஜனவரிக் காலையே போதும், ஆறரை மணி வாக்கில் உதயம்.

முட்டுக்காட்டுக்கு மாலை. ஈசிஆர் பாலத்துக்கு மேற்கேதான் உப்பங்கழி விரிந்திருக்கிறது, கிழக்கே முகத்துவாரமும் கடலும். டிசம்பரில் ஐந்தே முக்காலுக்கு மறைந்துவிடும், நாலரைக்கே போய் எந்தப் பக்கத்திலிருந்து ஆலாப் பறவைகள் வருகின்றன என்று பாருங்கள். பாலத்தின்மேல் மட்டும் ட்ரைபாட் போடாதீர்கள். பஸ் போகும் ஒவ்வொரு தடவையும் பாலம் அதிரும், 600-இல் அது அப்படியே படத்தில் விழும். கோவளம் பக்கம் கரையோரம் இறங்கினால் தரை அசையாது. செருப்பு வேண்டாம், சேறு. ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.